பதின்மூன்று நாள் பிந்திய சாலை

ஐத் வக்ரீமிலிருந்து கணவாய்க்கு ஏறும் சாலையில் நாற்பத்தேழு வளைவுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒன்பதாவதற்கு ‘முதுகுசொறி’ என்று பெயர். அது அவ்வளவு நெருக்கமாகத் திரும்பும். டாக்ஸிக்காரன் பாஸ்ஸு ஒருமுறை மூடுபனியில் அங்கே ஏறும்போது, முன்னால் ஒரு வண்டி வழிவிடாமல் நிற்பதைப் பார்த்துக் கால் மணி நேரம் ஹாரன் அடித்தான். அந்தச் சிவப்பு விளக்கு அசையவில்லை. இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று கிட்டே போனால், அது அவனுடைய வண்டியின் பின்விளக்கு.

“நல்ல மனுஷன்தான் அந்த டிரைவர்,” என்று பாஸ்ஸு பிறகு சொல்வான். “அவ்வளவு ஹாரன் அடிச்சும் திருப்பி ஒரு வார்த்தை பேசல.”

வண்டி ஜெர்மன்காரன் செய்த பழைய டீசல் வண்டி. பின்னால் நாலு பேர், முன்னால் டிரைவரை நெருக்கிக்கொண்டு இரண்டு பேர், ஆக ஆறு சவாரி. ஆறு நிறையாமல் கிளம்பாது. அட்லஸ் மலையில் எந்த டாக்ஸியும் கிளம்பாது. ஐந்து பேர் ஏறி உட்கார்ந்து, ஆறாவது ஆளுக்காகத் தேநீர் குடித்தபடி காலையிலிருந்து அந்தி வரை காத்திருந்த நாள் உண்டு. ஆள் கிடைத்தபோது கணவாய்க்கு அந்தப் பக்கம் அர்பாவில் சந்தையே முடிந்துபோயிருந்தது. ஆனாலும் போனார்கள். நிறைந்த வண்டியை வீணாக்க யாருக்கும் மனம் வரவில்லை.

கணவாயின் உச்சியில் ஒரு இரும்புத் தடுப்பு, அதன் பக்கத்தில் ஒரு கல் குடிசை, குடிசைக்குள் ஸைத். சாலை அலுவலகத்தின் ஆள். பனி ஒரு சாணுக்கு மேல் போனால் தடுப்பை இறக்குவதும், போகிற வண்டியையெல்லாம் தேதி போட்டுப் புத்தகத்தில் எழுதுவதும் அவன் வேலை. பாஸ்ஸுவின் அக்கா இத்தோவைக் கட்டியவன். ஆனால் அவனும் பாஸ்ஸுவும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பனி நாளில், பாஸ்ஸு மணப்பெண்ணையும் உறவுக்காரர் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு மேலே வந்தபோது, ஸைத் பனியைச் சாணால் அளந்தான். ஒரு விரற்கடை அதிகம் என்றான். தடுப்பை இறக்கிவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் மறுபக்கம் இரண்டு நாள் காத்திருந்து, விருந்துக்குச் சமைத்ததையெல்லாம் தாங்களே சாப்பிட்டு முடித்தார்கள். அதிலிருந்து இருவரும் எதையும் இத்தோ வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

இத்தோ ஊரில் இருந்தாள், ஸைத் மலையில் இருந்தான். ஆனாலும் குடும்பச் சண்டைக்கு ஒரு குறையும் இல்லை. கணவாய்க் காற்று பிற்பகலில் மேலே வீசும், காலையில் கீழே வீசும். இத்தோ பிற்பகலில் மொட்டைமாடியில் நின்று புருஷனைத் திட்டுவாள். பதில் மறுநாள் காலையில் வரும். சில நாள் ரொட்டி சுடுகிற வேலையில் அவள் பதிலைக் கவனிக்காமல் விட்டுவிட்டால், பக்கத்து வீட்டுக்காரி கேட்டு வைத்திருந்து சொல்வாள்.

அந்த வசந்தத்தில் சாலை அலுவலகத்திலிருந்து பொறியாளர் ஸெப்தி வந்தார். சமவெளிக்காரர், கன்னமெல்லாம் மழித்து, வாசனை பூசி, பார்க்க நல்ல மனிதர். அவருடைய ஜீப்பை ஓட்டிவந்தவன் அர்பாவிலிருந்து கணவாய் வரை ஏறினான். அந்தப் பக்கம் சாலை அகலம், நேர், தார் போட்டது. உச்சியில் நின்று இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். “இதுக்கு எனக்குச் சம்பளம் கொடுக்கல, ஸீ ஸெப்தி,” என்று மரியாதை குறையாமல் சொல்லிவிட்டு இருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டான். பாஸ்ஸு போய்த்தான் பொறியாளரைக் கீழே கொண்டுவந்தான்.

பத்தொன்பதாவது வளைவில் பொறியாளர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, கற்சுவரைப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்டதையெல்லாம் பள்ளத்தாக்குக்குக் கொடுத்தார். ஊருக்கு வந்தபின் இரண்டு மணி நேரம் வால்நட் மரத்தடியில் நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, ஊர் கூடியிருக்கும்போது ஒரு கடிதத்தைப் படித்தார்.

கடிதத்தில் இருந்தது இது. இந்தச் சாலையில் ஆண்டு முழுக்க வண்டி போகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே இந்த ஆண்டின் நான்கு பருவத்திலும், பருவத்துக்கு ஒருமுறை, சவாரி நிறைந்த ஒரு வண்டி கணவாயைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் சாலையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டுக் கோவேறு கழுதைப் பாதை என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் பனி அள்ளும் இயந்திரம் வராது, இடிந்தால் கட்ட ஆள் வராது. ஊராருக்குச் சமவெளியில் தகரக் கூரை போட்ட வீடு கொடுப்பார்கள்.

“கழுதைப் பாதையா?” என்றான் பாஸ்ஸு.

“கோவேறு கழுதை,” என்று பொறியாளர் திருத்தினார். “தப்பா எடுத்துக்காதீங்க. இதுல நான் இப்பதான் வந்தேன். இது சாலை இல்ல. ஆடு கிறுக்குப் பிடிச்சு ஓடின தடம்.”

அந்தச் சாலையைக் கடப்பாரை வைத்து வெட்டியது ஊர்தான். அரசாங்கம் செய்தது அதற்கு ஒரு எண் கொடுத்தது மட்டும்.

“ஸீ ஸெப்தி, நாலு பருவமும் ஏறுவேன்,” என்றான் பாஸ்ஸு. “ஆனா பார்த்தேன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமே. நீங்களே வந்து கூட உக்காந்து பார்த்துடுங்க. இல்லேன்னா அப்புறம் டாக்ஸிக்காரன் பொய் சொல்றான்னு வரும். நான் பொய் சொல்றவன்னு பேர் எடுத்தவன்.”

பொறியாளர் ஊரைப் பார்த்தார். ஊர் அவரைப் பார்த்தது. முடியாது என்று சொல்ல அவருக்கு வழி இல்லை.

மறுநாளே வசந்தப் பயணம். பாதாம் மரங்கள் அன்றைக்குத்தான் பூத்து, அன்றைக்கே காற்றில் கொட்டின. பன்னிரண்டாவது வளைவில் கண்ணாடி முழுக்க வெள்ளை. பாஸ்ஸு வைப்பரைப் போட்டான். பதினைந்தாவதில் வைப்பர் இதழைத் தள்ள முடியாமல் நின்றுபோனது. பின்னால் இருந்த நாலு பேரும் தலையை வெளியே நீட்டி ‘இடது’, ‘வலது’ என்று சொல்ல, அவன் காதால் ஓட்டினான். முன்னால் பொறியாளர் நடுவில், இத்தோ ஜன்னலோரத்தில், அவள் மடியில் தேன் ஜாடி.

“லல்லா இத்தோ, கொஞ்சம் இடம் மாறிக்கலாமா? எனக்குக் காத்து வேணும்,” என்றார் பொறியாளர்.

“ஜன்னல் என்னோடது. இருபது வருஷமா இதுலதான் உக்காரறேன். வந்தா தம்பி பக்கம் திரும்பிக்குங்க. அவன் கோவிச்சுக்க மாட்டான், துவைக்கிறது அவன் பெண்டாட்டிதானே.”

பத்தொன்பதாவதில் வண்டி நின்றது. பொறியாளர் இறங்கினார். ஊருக்குள் அந்த வளைவுக்கு அதுவரை ‘தொட்டில்’ என்று பெயர். அன்றிலிருந்து ‘பொறியாளர் வளைவு’.

உச்சிக்கு வந்தபோது அவர் முகம் பழுக்காத அத்திக்காய் நிறத்தில் இருந்தது. ஸைத் புத்தகத்தைக் கொண்டுவந்தான். சுவரில் தொங்கிய உழவர் நாட்காட்டியை ஒருமுறை பார்த்து, ஏப்ரல் 2 என்று எழுதி, ஆறு சவாரி என்று எழுதி, நீட்டினான்.

ஐத் வக்ரீமில் நாள் பார்ப்பது உழவர் கணக்கில்தான். அது அரசாங்கக் கணக்குக்குப் பதின்மூன்று நாள் பிந்தி வரும். விதைப்பது, கிடாயை மந்தையில் விடுவது, ஆண்டுப் பிறப்புக்கு ஏழு காய்கறி போட்டு கூஸ்கூஸ் செய்வது எல்லாம் அந்தக் கணக்கில்தான். பொறியாளரின் கைக்கடிகாரத்தில் அன்று ஏப்ரல் 15. ஆனால் அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, புத்தகத்தையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஸைத் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ‘தேதி, விவரம் சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தள்ளாடிக்கொண்டே ஜீப்புக்குப் போனார்.

“உன் தம்பிகிட்ட சொல்லு, சக்கரத்துல மண்ணு. என் வாசல்ல கொட்டிட்டுப் போறான்,” என்றான் ஸைத்.

“உன் புருஷன்கிட்ட சொல்லு, அது மண்ணில்ல, சாலை. கொஞ்சம் பத்திரமா வச்சுக்கச் சொல்லு,” என்றான் பாஸ்ஸு, இரண்டடி தள்ளி நின்று.

இத்தோ, “ரெண்டு பேருக்கும் காது இருக்கு,” என்றாள்.

கோடையில் மந்தைகள் மேல் புல்வெளிக்கு ஏறுகிற நாளாகப் பார்த்துப் பொறியாளர் வந்துவிட்டார். வண்டி மூன்றாவது வளைவைத் தாண்டும்போது நாலாயிரம் ஆடுகள் பின்னாலிருந்து வந்து சேர்ந்தன. முன்னால், பின்னால், இரு பக்கமும், அப்புறம் அடியிலும். ஐந்தாவது வளைவில் சக்கரங்கள் தரையை விட்டுவிட்டதைப் பாஸ்ஸு கவனித்தான். ஸ்டியரிங் காற்றாடி போலச் சுற்றியது. டீசல் வீணாவானேன் என்று எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு ரொட்டியைப் பிரித்துத் தேனில் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். ஆடுகள் வண்டியை முதுகில் சுமந்து ஏறின.

“பிரேக்கைப் பிடிங்க,” என்றார் பொறியாளர்.

“பிடிச்சுத்தான் இருக்கேன், ஸீ ஸெப்தி. ஆட்டுக்கு அது தெரியணுமே.”

சக்கரம் தரையில் படாத நிலையிலும் பத்தொன்பதாவது வளைவு அவரைச் சும்மா விடவில்லை. மேய்ப்பன் ஒருவன் மந்தையை ஒரு நிமிடம் நிறுத்திக் கொடுத்தான். உச்சியில் ஸைத் ஜூன் 29 என்று எழுதினான். பொறியாளர் சரிபார்த்தேன் என்று எழுதினார்.

இலையுதிர்காலத்தில், ஆப்பிள் பறித்து முடிந்த மறுநாள், ஒரே மாலைப்பொழுதில் மழை கொட்டி இருபத்திரண்டாவது வளைவிலிருந்து இருபத்துநாலு வரை சாலையை ஆறு கொண்டுபோய்விட்டது. அலுவலகத்துக்குச் சொன்னால், அலுவலகம் சரி என்று சந்தோஷமாக எழுதிக்கொள்ளும். ஊர் சொல்லவில்லை. ஆண், பெண் எல்லோரும் பள்ளத்தாக்கில் இறங்கித் தேடினார்கள். நாலு மைல் கீழே, ஒரு மேட்டில், சாலை அப்படியே சுருண்டு கிடந்தது. கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிக் கொண்டுவந்து ஏழு நாளில் பொருத்தினார்கள். பொருத்தி முடித்துப் பார்த்தால் ஒரு வளைவு மிச்சம். வழியில் வேறு ஊர்ச் சாலையும் கொஞ்சம் கலந்துவிட்டதோ என்னவோ. தூக்கிப்போட மனமில்லாமல் அதை உச்சிக்குக் கிட்டே, தடுப்புக்கு இருபது அடி முன்னால் வைத்தார்கள். இப்போது நாற்பத்தெட்டு.

பொறியாளர் மூன்றாவது முறை வந்தார். பழைய நாற்பத்தேழில் இறக்கிவிடுவார்கள் என்று நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணியவருக்கு, இன்னொன்று திரும்பியபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. ஸைத் அக்டோபர் 21 என்று எழுதினான். அவர் சரிபார்த்தேன் என்று எழுதும்போது பேனா காகிதத்தை விட்டு மேஜையிலும் கொஞ்ச தூரம் போனது.

“குளிர்காலத்துக்கு நான் வர மாட்டேன்,” என்றார், குடிசைச் சுவரில் சாய்ந்தபடி. “பனியில அந்தப் பத்தொன்பதுல நிக்க என்னால ஆகாது. தடுப்புக்காரர் புத்தகத்துல எழுதினா போதும், அதையே ஒத்துக்கறேன். வேணும்னா எழுதியே தர்றேன்.” எழுதியே கொடுத்தார். “ஆனா டிசம்பர் கடைசி நாளுக்குள்ள. ஜனவரி பிறந்துட்டா பட்டியல் அச்சுக்குப் போயிடும்.”

“டிசம்பர் கடைசி,” என்றான் பாஸ்ஸு. “அவ்வளவுதானே.”

ஒவ்வொரு வருஷமும் ஆண்டுப் பிறப்புக்குச் சில நாள் முன்பு பனி சற்று ஓய்ந்து, வானம் வெளுத்து, நாலு நாள் வெயில் அடிக்கும். கூஸ்கூஸுக்குக் காய்கறி வாங்க ஊர் அர்பாவுக்குப் போவது அந்த நாலு நாளில்தான். பாஸ்ஸு அந்த நாலு நாளைக் குறித்து வைத்துக்கொண்டான். அவன் குறித்தது எந்தக் கணக்கில் என்று அவனும் யோசிக்கவில்லை, ஊரும் யோசிக்கவில்லை. ஆண்டுப் பிறப்பு என்றால் ஆண்டுப் பிறப்பு. அது இரண்டு தடவை வரும் என்று யார் நினைப்பார்கள்?

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவன் தொழுவத்தில் உட்கார்ந்து சக்கரச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். வண்டியின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து ஒரு பெண் பேசினாள். பாஸ்ஸு சங்கிலியைக் கீழே வைத்தான்.

“அக்கா, இன்னிக்கு என்ன தேதி?”

மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த இத்தோ திரும்பாமலே சொன்னாள். “டிசம்பர் பத்தொன்பது. ஏன்?”

“ரேடியோல புது வருஷ வாழ்த்துச் சொல்றா.”

“இன்னும் பதின்மூணு நாள் இருக்கே. யாருக்குச் சொல்றாளாம்?”

“ஸெப்திக்கு,” என்றான் பாஸ்ஸு.

ஒரு மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தொழுவத்துக்குள் இருந்தது. முதலில், ஊர் ஃபகீஹ் என்று கூப்பிடும் மசூதி ஆசிரியர்தான் தொண்டையைச் செருமினார்.

“பாஸ்ஸு, நேத்தோட முடிஞ்சுபோச்சுப்பா. ஒரு மனு எழுதிப் பார்ப்போம். தகரக் கூரை அவ்வளவு மோசமில்ல. மழை பெஞ்சா இனிமையாச் சத்தம் கேக்குமாம்.”

“நீங்க போய்க் கேளுங்க, ஃபகீஹ். எனக்கு ஏற்கெனவே அக்கா இருக்கா.”

“கிண்டல் பண்ணாத. தேதி போயிடுச்சு.”

“எங்க போச்சு? அவங்க ஊர்ல போச்சு. நம்ம ஊர்ல அது இன்னும் வரவே இல்ல.” பாஸ்ஸு எழுந்து தொழுவத்தின் கதவைத் திறந்தான். பனி உள்ளே அடித்தது. “குளிர்காலத்துல ஏறுன்னான். பாருங்க. இது குளிர்காலமா, இல்லையா? சாலை யார் ஊர்ல இருக்கு? நாளைக்கு நான் ஏறுறேன். அவன் பட்டியல்ல எழுதட்டும், எழுதாம போகட்டும். கழுதைப் பாதைன்னு எழுதணும்னா, என் வண்டி உச்சியில நின்னு பார்க்கிறப்ப எழுதட்டும்.”

ஆறாவது ஆளுக்குப் பகலெல்லாம் காத்துக் கிடக்கிற ஊரில், மறுநாள் காலை முப்பது பேர் ஆறு இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். கடைசியில் இத்தோ நின்று பொறுக்கி எடுத்தாள். மசூதி ஆசிரியரும் ஏறினார். மனு எழுதிய காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தார், ஆனால் வெளியே எடுக்கவில்லை. இடம் கிடைக்காதவர்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். வளைவுக்கு இரண்டு பேர். மண்வெட்டி பிடிக்கிற ஆட்கள் தொண்ணூற்றியொரு பேர்தான் தேறினார்கள். அதனால் ஐந்து பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கு இரண்டு வளைவில் நின்றார்கள். எப்படி என்று கேட்டால், குளிரில் சுறுசுறுப்பாக இருந்தோம் என்பார்கள்.

டீசல் உறைந்து வெண்ணெய் ஆகியிருந்தது. கெட்டில் கெட்டிலாகப் புதினாத் தேநீர் காய்ச்சித் தொட்டியின் மேல் ஊற்றினார்கள்.

“சர்க்கரை போடாததை ஊத்துங்க,” என்றான் பாஸ்ஸு. “பழகிடுச்சுன்னா தினமும் கேக்கும்.”

வண்டி இருமியது, கிளம்பியது. வளைவுக்கு வளைவு இரண்டு பேர் மண்வெட்டியோடு ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். வழிவிடும்போதே திட்டினார்கள், மெதுவாகப் போகிறான் என்று கீழே உள்ளவர்களும், வேகமாகப் போகிறான் என்று மேலே உள்ளவர்களும். இரு பக்கமும் பனிச் சுவர். முதுகுசொறியில் பின்விளக்குத் தெரிந்தது. பாஸ்ஸு இம்முறை ஹாரன் அடிக்கவில்லை, தெரிந்தவன்தானே. பத்தொன்பதாவதில் பழக்க தோஷத்தில் வண்டி தானாகவே நின்றது. ஒரு நிமிடம் கழித்து அதுவாகவே கிளம்பியது.

நாற்பத்தேழு வளைவும் சிணுங்காமல் ஏறிய வண்டி, நாற்பத்தெட்டாவதில், ஊருக்குச் சொந்தமில்லாத அந்த மிச்ச வளைவில், சிக்கிக்கொண்டது. பின்சக்கரம் பனிக்கட்டியில் சுற்றியது, நகரவில்லை. இருபது அடி முன்னால் தடுப்பு இறங்கியிருந்தது. தடுப்புக்குப் பக்கத்தில், கம்பளிக் குல்லாயில், பொறியாளர் ஸெப்தி.

அவரைக் காலையில் ஜீப் மேலே கொண்டுவந்து விட்டுவிட்டு, சிகரெட் வாங்க அர்பாவுக்கு இறங்கியிருந்தது. அவர் கையில் ஒரு பலகை. புதிதாக எழுதியது, பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை: கோவேறு கழுதைப் பாதை. வண்டிகள் செல்லக் கூடாது.

“ஏன் கஷ்டப்படறீங்க, பாஸ்ஸு?” என்றார். குரலில் ஏளனம் இல்லை, நிம்மதி இருந்தது. “இன்னிக்கு ஜனவரி ரெண்டு. முடிஞ்சுபோன விஷயம். அதோட வண்டியும் தாண்டல, தடுப்பும் தூக்கல.”

குடிசைக் கதவு திறந்தது. ஸைத் வெளியே வந்தான். தடுப்புக்கு முன்னால் குனிந்து, கையைப் பனியில் வைத்துச் சாணால் அளந்தான். கடைசி வளைவில் நின்ற இரண்டு பேரும் தடுப்பு வரைக்கும் அள்ளித் தீர்த்திருந்தார்கள். மறுபடியும் அளந்தான். ஆறு வருஷமாகக் கேட்டதையெல்லாம் நினைத்துக்கொண்டு அளப்பது போல, நிதானமாக அளந்தான்.

“ஒரு விரற்கடை குறைச்சல்,” என்றான். தடுப்பைத் தூக்கினான்.

பிறகு பொறியாளரிடம் போனான். “ஸீ ஸெப்தி, அதைக் கொஞ்சம் குடுங்க. கனமா இருக்குமே.” மரியாதையாகக் கேட்டதால் அவர் கொடுத்துவிட்டார். ஸைத் பலகையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனான். எழுத்து மேலே தெரியும்படி அதைப் பின்சக்கரத்துக்கு அடியில் செருகினான். அப்புறம் டிரைவர் ஜன்னலுக்கு வந்து நின்றான். இத்தோவைப் பார்க்கவில்லை.

“ரெண்டாவது கியர் போடு, மச்சான்.”

“எனக்குத் தெரியும்,” என்றான் பாஸ்ஸு. ஆறு வருஷத்தில் அவர்கள் நேராகப் பேசிய பேச்சு அவ்வளவுதான். இரண்டாவது கியர் போட்டான். சக்கரம் பலகையைக் கவ்வியது, ‘கோவேறு’வின் மேல் ஏறியது, ‘கழுதை’யின் மேல் ஏறியது, ‘செல்லக் கூடாது’ வரை போய், தடுப்பைத் தாண்டி உச்சியில் போய் நின்றது.

ஸைத் புத்தகத்தைக் கொண்டுவந்தான். நாட்காட்டியைப் பார்த்தான். டிசம்பர் 20 என்று எழுதினான். ஆறு சவாரி.

பொறியாளர் அன்றைக்கு ஒரு வளைவும் ஏறவில்லை. தலை சுற்றவில்லை, வயிறு நன்றாக இருந்தது, கண் திறந்திருந்தது. ஆகவே முதல்முறையாகப் புத்தகத்தைப் படித்தார்.

“இது தப்பு. இன்னிக்கு ஜனவரி ரெண்டு.”

“இந்தப் புத்தகத்துல இன்னிக்கு டிசம்பர் இருபது,” என்றான் ஸைத்.

“புத்தகத்துக்குன்னு தனியாத் தேதி உண்டா?”

“எனக்குத் தெரியாதுங்க. நீங்கதான் சரிபார்த்தீங்க.” ஸைத் பக்கத்தைத் திருப்பினான். அக்டோபர் 21. ‘தேதி, விவரம் சரிபார்த்தேன்’, மேஜையை நோக்கி ஓடிய கையெழுத்து, முத்திரை. இன்னும் திருப்பினான். ஜூன் 29. சரிபார்த்தேன். ஏப்ரல் 2. சரிபார்த்தேன்.

பொறியாளர் தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். அது அவருடையதுதான். அதைவிட, அது எந்த நிலைமையில் போட்டது என்பதும் நினைவு வந்தது, உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

“அப்படின்னா எல்லாமே செல்லாது,” என்றார். “மூணும் செல்லாது.”

“நியாயம்தான்,” என்றான் பாஸ்ஸு உடனே. “எதுக்குச் சந்தேகத்தோட எழுதணும்? முதல்லேர்ந்து பண்ணிடுவோம். வசந்தத்துக்கு வாங்க. அப்புறம் கோடைக்கு. உங்க இடம் நடு இடம். இந்தத் தடவை தேதி சரியாப் போடணும்னு ஒவ்வொரு வளைவுலயும் நிறுத்திப் பார்த்துட்டே வரலாம்.”

“நாப்பத்தெட்டுலயும்,” என்றாள் இத்தோ.

“அடுத்த மழைக்கு அம்பது ஆனாலும் ஆகும்,” என்றார் மசூதி ஆசிரியர். “எங்க ஆளுங்களுக்குக் கிடைச்சதை விட்டுட்டு வரத் தெரியாது.”

ஸைத் விரலை வைத்து இடத்தைக் காட்டினான். பொறியாளர் பேனாவைத் திறந்தார். இம்முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, எழுத்துக் குலையாமல், ‘தேதி, விவரம் சரிபார்த்தேன்’ என்று எழுதி, முத்திரை குத்தினார். அந்த நாலில் அதுதான் அழகான கையெழுத்து.

அவர் முத்திரையைப் பைக்குள் வைக்கும்போது அர்பா பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது; பெரிய ஆள் பெருமூச்சு விட்ட மாதிரி. கொஞ்ச நேரத்தில் அவருடைய தொலைபேசி அடித்தது. ஜீப்காரன். அந்த அகலமான, நேரான, தார் போட்ட, பட்டியலில் முதல் பக்கத்தில் இருக்கும் சாலையின் மேல் மலைச்சரிவின் பனி முழுவதும் இறங்கிவிட்டது. அள்ள நாலு நாள் ஆகும். சிகரெட் கிடைத்துவிட்டது.

குடிசையில் ஒரு கட்டில்தான். பொறியாளர் கட்டிலைப் பார்த்தார், ஸைத்தைப் பார்த்தார், பிறகு கீழே போகிற சாலையைப் பார்த்தார்.

“பாஸ்ஸு, ஊருக்குத்தானே திரும்பறீங்க?”

“திரும்பறேன். ஆனா இடம் இல்லையே, ஸீ ஸெப்தி. ஆறு நிறைஞ்சிருக்கு.”

இத்தோ கதவைத் திறந்து இறங்கினாள். தேன் ஜாடியை ஒரு கையிலும், நசுங்கிப்போன பலகையை மறு கையிலும் எடுத்துக்கொண்டாள். ரொட்டி மாவு தட்ட அளவாக இருந்தது. “நான் இங்க இருக்கேன். இந்த மனுஷனுக்கு நேர்ல சொல்ல வேண்டியது கொஞ்சம் சேர்ந்திருக்கு. காத்துல அனுப்பினா பாதிதான் போய்ச் சேருது.” குடிசைக்குள் போகும்போது திரும்பினாள். “ஜன்னல்ல உக்காந்துக்குங்க. இன்னிக்கு மட்டும்.”

பொறியாளர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பாஸ்ஸு பின்னால் திரும்பித் தலைகளை எண்ணினான். ஆறு. கிளம்பினான்.

“எத்தனாவதுல வரும்?” என்றார் பொறியாளர் மெல்ல.

“இறங்கும்போது இருபத்தொன்பது முடிஞ்சா அதுதான்.”

வளைவுகளில் நின்ற மண்வெட்டிக்காரர்கள் ஜன்னலில் யார் என்று குனிந்து பார்த்து, தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்கள். அவரும் முதல் பத்து வளைவு வரைக்கும் பதில் வணக்கம் சொன்னார். அப்புறம் வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பதாவதில், யாரும் கேட்காமலே, பாஸ்ஸு வண்டியை ஓரம்கட்டினான். கதவைத் திறந்துவிட்டு, மரியாதைக்கு ரேடியோவையும் நிறுத்தினான்.